புதிய அவுட்போர்டு எஞ்சினின் முதல் 20 மணி நேரம்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

பினாங்கின் பத்து மாவுங், தெலுக் கும்பார், தெலுக் பஹாங் ஆகிய இடங்களின் படகுத்துறைகளில் புது எஞ்சின் பூட்டிய படகு ஒன்று கடலில் இறங்கினால், அடுத்த சில வாரங்களுக்குள் அதன் உரிமையாளர் ஏதேனும் ஓர் அறிகுறியோடு வந்து நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எண்ணெய் அளவு ஏறுகிறது, பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டது, முழு வேகம் வரவில்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு சில அறிகுறிகளுக்குள் அடங்கிவிடும். அவற்றில் மிகச் சிலவே எஞ்சினின் பிறவிக் குறைகள். மற்றவை பூட்டியதில் நேர்ந்த பிசகு, அல்லது முதல் சில மணி நேரம் ஓட்டிய விதத்தில் நேர்ந்த பிசகு. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி அதிகச் செலவு வைக்கும் காரணம் வரை வரிசையாகச் சொல்லி, எந்த இடத்தில் நாம் கையை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்பதையும் குறித்திருக்கிறேன். இது சிறு மீன்பிடிப் படகுகளிலும் தூண்டில் படகுகளிலும் பூட்டும் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும்; டீசல் எஞ்சின்களுக்குப் பொருந்தாது.

## எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது

கடைக்காரர்கள் ரன்னிங்-இன் என்று சொல்லும் பழக்கும் காலம் பெரும்பாலான எஞ்சின்களுக்கு 10 மணி நேரம். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: முதல் மணி நேரத்தில் நிமிடத்திற்குச் சுமார் 2,000 சுற்று, அதாவது ஏறக்குறைய அரை த்ரோட்டில், இரண்டாவது மணி நேரத்தில் சுமார் 3,000 சுற்று, அதாவது முக்கால் த்ரோட்டில், அடுத்த 8 மணி நேரத்தில் எந்த வேகத்திலும் ஓட்டலாம், ஆனால் முழு த்ரோட்டிலில் ஒரே மூச்சாக 5 நிமிடத்திற்கு மேல் ஓட்டக்கூடாது. உங்கள் எஞ்சினோடு வந்த கையேட்டில் வேறு எண்கள் இருந்தால் அவையே செல்லும். எந்தக் கட்டத்திலும் ஒரே வேகத்தில் நெடுநேரம் நிறுத்தி வைக்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சற்று ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். புது எஞ்சினை வருத்தக்கூடாது என்ற அன்பில் பத்து மணி நேரமும் ஐட்லிங்கிலேயே ஓட்டுகிறவர்களே எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு படிய வேண்டுமானால் எஞ்சின் சுமை இழுத்தாக வேண்டும்.

எண்ணெய் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பழக்கும் காலத்திற்கு மட்டும் பெரும்பாலும் 25 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெய் என்ற அளவிலும், அதன்பின் பல மாதிரிகளில் 50 லிட்டருக்கு 1 லிட்டர் என்ற அளவிலும் கலக்கச் சொல்வார்கள். எண்ணெய்த் தொட்டி தனியாக உள்ள மாதிரிகளில், அந்தத் தொட்டி நிரம்பியிருந்தாலும் பழக்கும் காலத்துப் பெட்ரோலில் கூடுதலாக எண்ணெய் கலக்க வேண்டியிருக்கும். இதைத் தவறவிடுகிறவர்கள் பலர். டூ-ஸ்ட்ரோக்கிற்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) தரக்குறியும் ஃபோர்-ஸ்ட்ரோக்கிற்கு எஃப்சி-டபிள்யூ தரக்குறியும் உள்ள எண்ணெயையே வாங்குங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய எண்ணெய் வீட்டில் மீதம் இருக்கிறது என்பதற்காக அதை ஊற்றிவிடாதீர்கள்.

பழக்குவதற்கு எனக்குப் பிடித்த நீர்வழி, பத்து மாவுங்கில் புறப்பட்டு ஜெரஜாக் தீவை ஒட்டிப் பினாங்கின் முதல் பாலம் வரை சென்று திரும்புவது. நீளமாகவும் ஓரளவு அலையின்றியும் இருப்பதோடு, கரையும் உதவியும் அருகிலேயே இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் சேற்றுத்திட்டுகளின் பக்கம் ஒதுங்காமல் இருந்தால் போதும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வரக்கூடும் என்பதால், மேற்கே வானம் கறுத்திருக்கும் நாளில் பழக்கும் ஓட்டத்திற்குப் போகாதீர்கள். போன இடத்தில் காற்று பிடித்துக்கொண்டால், பழக்கும் விதிகளை மறந்து, பாதுகாப்பாகக் கரை சேரத் தேவையான வேகத்தில் ஓட்டுங்கள்.

ஒரு சிறு நோட்டுப்புத்தகம் அவசியம். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருப்பதில்லை. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய்க் கோலில் அளவு எங்கே நின்றது, எவ்வளவு பெட்ரோல் செலவானது என்று மூன்று வரிகள் எழுதுங்கள். கீழேயுள்ள சோதனைகளில் பாதி, நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பயன்படும்.

## அறிகுறி 1: எஞ்சின் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து அணைந்துவிடுகிறது

சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கியரில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றாதபடிதான் பல எஞ்சின்களை அமைத்திருக்கிறார்கள். அடுத்து பேட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய படகுகளில் இந்த முனைகளைச் சிறகுத் திருகுகளால் இறுக்கியிருந்தால், அலையில் குலுங்கிச் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். அவற்றை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் இறுக்கும் அறுகோண நட்டுகளைப் போடுங்கள். அதன்பிறகு ஃபியூஸ். புது ஃபியூஸ் போட்டும் உடனே எரிந்தால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டுப் பார்க்காமல், வயரிங் பார்ப்பவரை அழையுங்கள்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கொக்கி அதன் இடத்தில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கப் போன இத்தகைய பழுதுகளில் கணிசமானவை அந்தக் கொக்கியிலேயே முடிந்திருக்கின்றன. பிறகு பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, குழாயிலுள்ள ரப்பர்க் குமிழை அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். குமிழின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். புதிதாகக் குழாய் பூட்டியவர் தலைகீழாக மாட்டியிருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். எவ்வளவு அழுத்தினாலும் குமிழ் கெட்டியாகவில்லையென்றால் எங்கோ காற்று நுழைகிறது. குழாயின் இரு முனைகளிலும் உள்ள இணைப்புகளையும் அவற்றுக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

பிடித்துச் சில நிமிடம் ஓடி அணைகிறது. எஞ்சின் தளரத் தொடங்கும்போது மற்றொருவரை ரப்பர்க் குமிழை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் எஞ்சின் உயிர்பெற்றால் குறை பெட்ரோல் வரும் வழியில் இருக்கிறது: மூடிய காற்றுத் திருகு, மடிந்த குழாய், அடைத்த வடிகட்டி என்ற வரிசையில் தேடுங்கள். வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால், பெட்ரோல் கேனையும் தொட்டியையும் முழுவதுமாகக் காலி செய்து துடைத்துவிட்டுப் புது பெட்ரோல் ஊற்ற வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியை மழைக்காலத்தில் வெளியே வைத்திருந்தால் தண்ணீர் சேருவதைத் தடுக்க முடியாது. அதனால் எஞ்சினுக்கு முன்னால் 10 மைக்ரான் தண்ணீர் பிரிப்பான் ஒன்றைப் பூட்டிக்கொள்வது நல்ல செலவு. குமிழை அழுத்தியும் பலனில்லை, தொட்டியிலும் தண்ணீர் இல்லை என்றால் இனி மெக்கானிக்கின் வேலை. உத்தரவாதக் காலத்தில் கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ நீங்களே கழற்றாதீர்கள்.

## அறிகுறி 2: பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிகிறது, அல்லது எச்சரிக்கை ஒலி கேட்கிறது

இந்த அறிகுறியில்தான் அவசரம் அதிகம். எச்சரிக்கை ஒலி எழுந்தவுடன் பல ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் தாமாகவே வேகத்தைச் சுமார் 2,000 சுற்றுக்குக் குறைத்துக்கொள்ளும். த்ரோட்டிலை ஏற்றினாலும் ஏறாது. அதை வேறு பழுது என்று எண்ணித் தொடர்ந்து முறுக்கக்கூடாது. படகு ஒதுங்கி நிற்க இடம் பார்த்து, எஞ்சினை அணைத்து, நங்கூரம் போடுங்கள். சூடான எஞ்சின்மேல் கடல்நீரை ஊற்றாதீர்கள்.

தண்ணீர் வரவில்லை, எஞ்சினும் சூடாக இருக்கிறது. எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, கீழ்ப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் துளைகளைப் பாருங்கள். பினாங்கு நீரிணையில் மிதக்கும் பிளாஸ்டிக் பையே முதல் காரணம். அதை எடுத்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிடும். பை இல்லையென்றால், சேற்றில் ஓடி வந்தீர்களா என்று யோசியுங்கள். வற்றத்தில் கரையை நெருங்கும்போது விசிறி (புரொபெல்லர்) கிளறிய சேறு துளைகளுக்குள் புகுந்துவிடும். ஆழமான இடத்திற்குத் துடுப்பால் தள்ளிச் சென்று, துளைகளைக் கழுவிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

தண்ணீர் வரவில்லை, ஆனால் எஞ்சின் சூடாகவில்லை, ஒலியும் இல்லை. வெளியேறும் சிறு துளைதான் அடைத்திருக்கும். சில நாள் கரையில் நின்ற படகின் அந்தத் துளைக்குள் குளவி மண் கூடு கட்டிவிடும், உப்பும் படியும். தடித்த தூண்டில் நரம்பை மூன்று அங்குலம் உள்ளே விட்டுக் குத்தி எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் கிழியும்.

வேகமாக ஓடும்போது மட்டும் தண்ணீர் மெலிகிறது. எஞ்சினைச் சற்று அதிகமாகச் சாய்த்து ஓட்டுகிறீர்களா, படகின் பின்பலகையில் எஞ்சின் அதிக உயரத்தில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகின் அடிப்பகுதிக்குச் சமமாகவோ அதற்கு 25 மில்லிமீட்டர் வரை கீழாகவோ இருப்பது பொதுவான அளவு. அதற்கு மேல் தூக்கியிருந்தால் பூட்டியவரிடம் திருத்தச் சொல்லுங்கள். இது உங்கள் செலவாக இருக்கக்கூடாது.

மேலே சொன்ன எதுவும் இல்லை. இனி சந்தேகம் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர்மீது விழுகிறது. அது ரப்பரால் ஆனது. தண்ணீரின்றிச் சுற்றினால் சில நொடிகளிலேயே அதன் இதழ்கள் கருகத் தொடங்கும். புது எஞ்சினில் இம்பெல்லர் கெடுவானேன் என்று கேட்பீர்கள். கரையில் நிற்கும் படகில், சத்தம் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று யாராவது ஒருவர் தண்ணீர்க் குழாய் மாட்டாமல் ஒருமுறை ஸ்டார்ட் செய்திருப்பார். எஞ்சின் வீட்டுக்கு வந்த அன்று உறவினர்கள் கூடி நிற்கும்போது இது நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஒரு வாளித் தண்ணீராவது இல்லாமல் சாவியைத் தொடாதீர்கள். இம்பெல்லர் மாற்றுவது பெரிய செலவல்ல. அதை மாற்றியும் சூடு குறையவில்லையென்றால் தெர்மோஸ்டாட், அதற்கும் அடுத்து சிலிண்டர்த் தலையின் கேஸ்கெட். இம்பெல்லரிலிருந்து தொடங்கும் எதையும் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

கடலின் நடுவே இரண்டாம் முறையும் எச்சரிக்கை ஒலி எழுந்தால் சோதனையை நிறுத்திவிட்டு, வேறு படகை அழைத்துக் கட்டி இழுத்து வரச் செய்யுங்கள். அருகில் யாரும் இல்லை, நீரோட்டம் இழுக்கிறது என்றால் 999-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

## அறிகுறி 3: எண்ணெய் அளவு ஏறிக்கொண்டே போகிறது

ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கியவர்களை அதிகம் அச்சுறுத்தும் அறிகுறி இதுதான். "அண்ணே, நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை, எண்ணெய் தானாக ஏறுகிறது" என்று தெலுக் கும்பாரிலிருந்து ஒரு தம்பி பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டது இன்றும் நினைவிருக்கிறது. ஏறுவது எண்ணெய் அல்ல. எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எண்ணெயோடு சேர்கிறது. வளையங்கள் இன்னும் படியாத முதல் மணி நேரங்களில் இது சிறிதளவு நிகழ்வது இயல்பு. கவலைப்பட வேண்டியது, அளவு மேல்கோட்டைத் தாண்டும்போதும், 20 மணி நேரத்திற்குப் பிறகும் ஏறுவது நிற்காதபோதும்தான்.

முதலில், அளந்த முறை சரியா? எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி நிறுத்தியிருந்து, இறக்கிய உடனே கோலை எடுத்துப் பார்த்தால் அளவு தவறாகவே காட்டும். எஞ்சின் செங்குத்தாக நிற்க வேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்து காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். கோலைத் துடைத்து, முழுவதும் செருகி, எடுத்துப் பார்த்து, நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் கணக்கு கையில் இல்லாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தொலைபேசியில் பதறிய அந்தத் தம்பியின் எஞ்சினிலும் பாதிக் குறை அளந்த விதத்தில்தான் இருந்தது.

இரண்டாவது, தொடக்கத்திலேயே அதிகமாக ஊற்றிவிட்டார்களா? கையேட்டில் எத்தனை லிட்டர் என்று இருக்கிறது, கடையில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேளுங்கள். முதல் நாளே கோல் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஏறியது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, எப்படி ஓட்டினீர்கள்? வலை விரிக்கும்போதும் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும்போதும் எஞ்சின் போதிய சூடு ஏறாமல் மணிக்கணக்கில் ஓடுகிறது. குளிர்நாடுகளைவிட நம் கடலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் இங்கே பாதிப்பு குறைவு. இருந்தாலும் பழக்கும் காலம் முழுவதும் அப்படியே ஓட்டினால் அளவு நிச்சயம் ஏறும். மருந்து எளிது: அரை மணி நேரம் மெதுவாக ஓட்டிய பிறகு, பத்து நிமிடமாவது படகு தண்ணீரின்மேல் எழுந்து ஓடும் வேகத்தில், பழக்கும் அட்டவணை அனுமதிக்கும் எல்லைக்குள், சுமையோடு ஓட்டுங்கள். எனது முதல் ஃபோர்-ஸ்ட்ரோக்கை நான் பழக்கியபோது இந்த ஒன்றைச் செய்யத் தவறினேன்; ஆறாவது மணி நேரத்தில் கோல் மேல்கோட்டைத் தாண்டியது. ஓட்டும் முறையை மாற்றியபின் அடுத்த பத்து மணி நேரத்தில் அது நின்றுவிட்டது.

கோலை முகர்ந்து பாருங்கள், துளியை விரல்களிடையே தேயுங்கள். பெட்ரோல் வாடை இலேசாக இருந்து, எண்ணெய் இன்னும் வழுவழுப்பாக இருந்தால் மேலே சொன்னபடி தொடரலாம். வாடை கடுமையாக இருந்து எண்ணெய் தண்ணீர்போல் ஓடினால், அல்லது அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். எண்ணெயையும் வடிகட்டியையும் முழுவதுமாக மாற்றுங்கள். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது. முதல் பராமரிப்புக்குரிய 20 மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எண்ணெயின் விலை, பேரிங்கின் விலையோடு ஒப்பிடக்கூடியதல்ல.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அது பெட்ரோல் அல்ல, தண்ணீர். ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், அன்றே மெக்கானிக்கை வரவழையுங்கள். உள்ளே புகுந்த உப்புநீர் இரவோடு இரவாகத் துருவேற்றத் தொடங்கிவிடும்.

எண்ணெய் மாற்றி, சுமையோடு ஓட்டி, 20 மணி நேரமும் தாண்டிவிட்டது; இன்னும் ஏறுகிறது. இப்போது நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர்கள் பார்க்க வேண்டிய வரிசை இது: திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், சில சிறிய எஞ்சின்களில் தலைமூடியின்மேல் இருக்கும் பெட்ரோல் பம்பின் கிழிந்த சவ்வு, ஒழுகும் இன்ஜெக்டர், இறுதியாக, படியாமலே வழவழப்பாகிவிட்ட சிலிண்டரும் வளையங்களும். கடைசிக் காரணத்தை உறுதிசெய்ய எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும். உத்தரவாதத்தின்கீழ் கேட்கும்போது உங்கள் நோட்டுக்கு மதிப்பு இருக்கும்.

அளவு இறங்கினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பழக்கும் காலத்தில் கொஞ்சம் எண்ணெய் செலவாவது இயல்பே. கீழ்க்கோட்டுக்கு மேலே வைத்திருந்தால் போதும். வடிகட்டியைச் சுற்றிலும் வடிகால் திருகிலும் ஒழுகல் இருக்கிறதா என்று ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 4: புகை

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் வெண்ணீலப் புகை, தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் எரிவது. சில நிமிடங்களில் மறையும். டூ-ஸ்ட்ரோக்கில் இரட்டிப்பு எண்ணெய் ஊற்றியிருக்கும்வரை புகை இருந்துகொண்டே இருக்கும், ஸ்பார்க் பிளக்கும் சீக்கிரம் கறுத்து நனையும். அதற்காக எண்ணெயைக் குறைக்காமல், கூடுதலாக ஒரு தொகுதி பிளக்கும் பிளக் ஸ்பேனரும் படகில் வைத்திருங்கள். பழக்கும் காலம் முடிந்து சாதாரணக் கலவைக்கு மாறியபின்னும் பிளக் நனைந்தால் கலவையை மறுபடி அளந்து பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கரும்புகை வந்தால் விசிறி அதிகச் சுமையாக இருக்கிறது என்று சந்தேகித்து அறிகுறி 7-க்குச் செல்லுங்கள். சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்ணிற ஆவி நிற்காமல் வந்தால் மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

## அறிகுறி 5: அதிர்வு, அல்லது கியர் போடும்போது கடமுடச் சத்தம்

எதைத் தொடுவதற்கும் முன் எஞ்சினை அணைத்து, சாவியையும் சிவப்புக் கயிற்றையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலாய் மீனவர்கள் கிப்பாஸ் என்றும் நாம் விசிறி என்றும் சொல்லும் புரொபெல்லரில் தூண்டில் நரம்போ வலைத்துண்டோ சுற்றியிருப்பதுதான் அதிர்வுக்கு எளிய காரணம். வெளியே தெரிவதை வெட்டி எடுத்ததோடு விட்டுவிடாமல், விசிறியைக் கழற்றி அதன் பின்னால் தண்டைச் சுற்றியும் பாருங்கள். அங்கே ஒளிந்திருக்கும் நரம்பு தண்டின் ரப்பர் சீலை அறுத்துவிடும். அறிகுறி 6-இல் சொல்லப்போகும் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. முதல் 20 மணி நேரத்தில் இரண்டு முறையாவது விசிறியைக் கழற்றிப் பார்த்து, தண்டில் கிரீஸ் தடவி, விசிறியின் நட்டு கழலாமல் பிடிக்கும் பழைய ஊசிக்குப் பதில் புது ஊசி போட்டு மாட்டுங்கள். இதழ் வளைந்திருந்தால் நிமிர்த்தித் தரும் கடைக்கு அனுப்பலாம்.

விசிறி சுத்தமாக இருந்தால், எஞ்சினைப் பின்பலகையோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் 10 மணி நேரத்தில் சற்றே தளர்வது வழக்கம். மறுபடி இறுக்குங்கள். இறுக்க இறுக்க வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்துகொண்டே போனால் பின்பலகையின் உள்மரம் உளுத்திருக்கிறது. எஞ்சினைக் கழற்றி, படகு கட்டுபவரிடம் காட்டாமல் கடலுக்குப் போகக்கூடாது.

கியர் சத்தத்தைப் பொறுத்தவரை, மெதுவாக நுழைத்தால் கியருக்கு நல்லது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் ஐட்லிங் வேகத்தில் இருக்கும்போது தயங்காமல் ஒரே அசைவில் போட வேண்டும். தயங்கித் தயங்கிப் போடும்போதுதான் பற்கள் உரசித் தேய்கின்றன. அப்படிப் போட்டும் சத்தம் நிற்காவிட்டால் ஐட்லிங் வேகம் அதிகமாக இருக்கிறதா என்று பார்த்து, அதன்பின் கேபிள் சரிசெய்வதற்கு மெக்கானிக்கை அழையுங்கள்.

## அறிகுறி 6: கியர் எண்ணெயின் நிறம் மாறியிருக்கிறது

20 மணி நேரத்தில் முதல் முறையாகக் கியர் எண்ணெயை வடிக்கும்போது இது தெரியவரும். வடிகால் திருகின் காந்தத்தில் கரும்பசைபோல நுண்ணிய இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் அது புதுப் பற்கள் படிந்ததன் அடையாளம், துடைத்துவிடுங்கள். விரலில் குத்தும் சில்லுகளாக இருந்தால் அவற்றை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், படகை ஓட்டாதீர்கள்.

எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முதலில் திருகுகளின் வாஷர்களைப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாகப் போட வேண்டும், பழையதையே போட்டு இறுக்கினால் ஒழுகும். வாஷர் மாற்றி, புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை நிரப்பி, ஐந்து மணி நேரம் ஓட்டிய பின் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மறுபடி வெளுத்திருந்தால் சீல் போயிருக்கிறது. அதை மாற்றுவதற்குத் தனிக் கருவிகள் வேண்டும்.

## அறிகுறி 7: பழக்கும் காலம் முடிந்தும் முழுச் சுற்று வரவில்லை, அல்லது எல்லையைத் தாண்டுகிறது

10 மணி நேரம் முடிந்தபின் செய்யும் சோதனை இது. அலையில்லாத காலையில், வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் பனிக்கட்டிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, ஒரு நிமிடம் முழு த்ரோட்டிலில் ஓட்டி ஆர்பிஎம் மீட்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள். கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். பல நடுத்தர எஞ்சின்களுக்கு அது 5,000 முதல் 6,000 வரை. மீட்டர் இல்லையென்றால் பிளக் வயரின்மேல் சுற்றிக் கட்டும் சிறு மீட்டர்கள் மலிவாகவே கிடைக்கின்றன.

வரம்புக்குக் கீழே நிற்கிறது. த்ரோட்டில் கைப்பிடியை முழுவதும் தள்ளியபோது எஞ்சினிலும் அது முழுவதும் திறக்கிறதா என்பதை, எஞ்சின் அணைந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். புதிதாகப் பூட்டிய கேபிள் குறைவாக இழுப்பது அடிக்கடி நிகழ்வது. அடுத்து படகின் அடியைப் பாருங்கள். தெரித்திப் என்று இங்கே சொல்லப்படும் ஓட்டுயிர்கள் நம் வெதுவெதுப்பான கடலில் சில வாரங்களிலேயே ஒட்டிக்கொண்டு படகை இழுத்துப் பிடிக்கும். சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதன்பின் சுமை: பழைய டூ-ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டியவர்கள், புது எஞ்சினின் கூடுதல் எடையால் படகின் பின்பகுதி அமிழ்வதைக் கவனிப்பதில்லை. பேட்டரியையோ பெட்ரோல் கேனையோ முன்னால் நகர்த்துங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் கணக்குத் தூரம், அதிகம். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும் என்பது தோராயக் கணக்கு. 15 அங்குலப் பிட்ச் விசிறியில் 4,600 மட்டுமே வருகிறது என்றால் 12 அங்குலத்தில் ஏறக்குறைய 5,200 கிடைக்கும். விசிறியை விலைகொடுத்து வாங்குவதற்கு முன் அதே தண்டுக்குப் பொருந்தும் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். பெரிய விசிறி பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று சொல்லித் தொடர்ந்து அதிலேயே ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. மேட்டில் நான்காவது கியரில் லாரியை ஏற்றுவதுபோல எஞ்சின் ஒவ்வொரு நிமிடமும் திணறிக்கொண்டிருக்கும்.

வரம்பைத் தாண்டுகிறது, படகு அதற்கேற்ப ஓடவில்லை. எஞ்சின் உயரமாகப் பூட்டப்பட்டு விசிறி காற்றை அள்ளுகிறதா என்று அறிகுறி 2-இல் சொன்ன அளவை வைத்துப் பாருங்கள். அது சரியென்றால் விசிறியின் நடுவிலுள்ள ரப்பர்ப் புஷ் வழுக்குகிறது. உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் தொடர்ச்சியாக ஒரே கோடாக மார்க்கரால் வரைந்து, முழுச் சுமையோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் புஷ்ஷை அழுத்தி மாட்டும் கடையில் மாற்ற வேண்டும். அந்த நிலையில் அரை த்ரோட்டிலுக்குள் ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம்.

எல்லாம் சரி, சுற்று மட்டும் வரவில்லை. விசிறி மாற்றியும் மாற்றமில்லை. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம். 20 மணி நேரப் பராமரிப்புக்குப் படகைக் கொண்டுபோகும் அன்றே, முழு த்ரோட்டிலில் எழுதிய எண், விசிறியின் விட்டமும் பிட்ச்சும், ஏற்றியிருந்த சுமை, எண்ணெய்க் கோலின் நாள்வாரிக் கணக்கு ஆகியவற்றை மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். அவர் ஸ்பார்க், சிலிண்டர் அழுத்தம், வால்வு இடைவெளி என்ற வரிசையில் தொடங்குவார். வால்வு இடைவெளி பார்ப்பது பல மாதிரிகளில் அந்த முதல் பராமரிப்பிலேயே அடங்கும் என்பதால், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கையேட்டின் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைத் திறந்து காட்டிப் பேசுங்கள்.